மாமனார் வீட்டு இரண்டு கடிகாரங்கள்

பெரிய பக்திமான் என்று யாரையாவது எனக்கு அறிமுகம் செய்து வைத்தால், நான் முதலில் அவர் மணிக்கட்டைத்தான் பார்ப்பேன். என்ன கடிகாரம் கட்டியிருக்கிறார், அதில் மணி சரியாக ஓடுகிறதா என்று. இந்தக் கோணல் புத்தி ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை. நானும் தினமும் பூசை காண்கிறவள்தான். பக்திமான்களைத் திட்ட எனக்கு உரிமை உண்டு.

நான் கலியாணமாகி வந்தது மலாயாவில், மலாக்கா நகரத்துக் காஜா பேராங் பகுதியில் இருந்த ஒரு பலகை வீட்டுக்கு. என் மாமனார் சண்டைக்கு முன்னால் வெள்ளைக்காரன் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் அதைவிடப் பெரிய ஆள். சபைத் தலைவர் அவர்தான், பூசைக்கு உதவி செய்பவரும் அவர்தான். சாமியார் நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுத்துக்கொண்டு வரும்போது ஒவ்வொருவர் தாடைக்கும் கீழே பித்தளைத் தட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பார். நற்கருணையின் ஒரு துகள்கூடக் கீழே விழக்கூடாது என்பதற்காக அந்தத் தட்டு. அதைப் பிடித்திருக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நன்மையே தன் கையால்தான் போகிறது என்பதுபோல இருப்பார்.

ஞானோபதேசக் கேள்வி பதில் முழுவதும் அவருக்கு மனப்பாடம். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு கேள்வியாவது கேட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்த்த பிறகுதான் உட்காரச் சொல்வார். மருமகளாக வந்த புதிதில் எனக்கும் அந்தப் பரீட்சை நடந்தது. நான் ஒன்றில்கூடத் தவறவில்லை. அதனால் என்மேல் அவருக்குக் கொஞ்சம் மரியாதை. எனக்கு அவர்மேல் நிறைய. அப்போது எனக்கு இருபது வயது. வேறென்ன தெரியும்?

ஜப்பான்காரன் வந்தான். கம்பெனி மூடிக்கொண்டது. மாமனார் கொஞ்ச நாள் சுருண்டு படுத்துக் கிடந்தார். பிறகு ஒரு நாள் எழுந்து சவரம் செய்துகொண்டு போனார். அரிசி அட்டை கொடுக்கும் ஆபீசில் வேலையோடு திரும்பி வந்தார். அங்கே தினமும் காலையில் கிழக்கே திரும்பி ஜப்பான் ராஜாவுக்குக் குனிய வேண்டும். "உடம்புதாம்மா வளையுது. ஆத்துமம் நிமிந்துதான் நிக்கிது" என்று எங்களுக்கு விளக்கம் சொன்னார். குனிந்ததற்காக நான் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பாலத்தில் நின்ற ஜப்பான் காவல்காரனுக்கு நானும்தான் குனிந்தேன். உயிர் எல்லோருக்கும் வெல்லம்தான். ஆனால் நாங்கள் பயந்து குனிந்தோம். அவர் குனிந்துவிட்டு வந்து அதிலும் ஒரு புண்ணியம் சம்பாதித்துக்கொண்டார். அதைத்தான் என்னால் சகிக்க முடியவில்லை.

மணிக்கு வருகிறேன். இனிமேல் டோக்கியோ நேரம்தான் எல்லோருக்கும் என்று உத்தரவு போட்டான் ஜப்பான்காரன். ஊரில் உள்ள கடிகாரத்தையெல்லாம் ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். எங்கள் கூடத்துச் சுவர்க் கடிகாரத்தை மாமனார் அன்றைக்கே தள்ளி வைத்தார். ஆனால் கோட்டுப் பையில் இருந்த சங்கிலிக் கடிகாரத்தைத் தொடவில்லை. "சுவத்துல இருக்கிறது அவங்க நேரம். இது ஆண்டவர் நேரம்" என்று அதை எடுத்து முத்தமிட்டார். எனக்குப் புல்லரித்துப் போயிற்று. இவரல்லவா விசுவாசி என்று நினைத்தேன். அசடு!

அந்த இரண்டு கடிகாரத்தையும் அவர் எப்படி நடத்தினார் என்று பிறகு கவனித்தேன். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒருசந்தி இருப்பவர்கள் நடுப்பகலில் ஒரே வேளைதான் சாப்பிடலாம். மாமனாருக்கு நடுப்பகல் டோக்கியோ நேரப்படி வந்துவிடும். பத்தரை மணி வெயிலிலேயே இலை போட வேண்டும். வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. ஆனால் வியாழக்கிழமை ராத்திரி ஆண்டவர் நேரப்படி பன்னிரண்டு அடிக்கும்வரை இறைச்சி சாப்பிடலாம். மறுநாள் ராத்திரி டோக்கியோ நேரப்படி பன்னிரண்டு அடித்ததும் வெள்ளி முடிந்துவிடும். ஆகமொத்தம் உலகத்துக்கெல்லாம் இருக்கும் வெள்ளிக்கிழமையைவிட எங்கள் வீட்டு வெள்ளிக்கிழமை ஒன்றரை மணி நேரம் குட்டை. இறைச்சி கண்ணில் படுவதே அபூர்வமான காலம் அது. அப்படியும் அந்த ஒன்றரை மணி நேரத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. அதில் ஒரு கைவண்டிக்காரரும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். அந்த ஆள் பரம்பரைக் கத்தோலிக்கர். அவள் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவள். கலியாணத்துக்காக ஞானஸ்நானம் வாங்கினாள். எழுதப் படிக்கத் தெரியாது. பரலோக மந்திரத்தைக்கூடத் தோட்டத்துப் பாட்டு ராகத்தில்தான் சொல்வாள். என் மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "நம்ம புதுசு வந்துச்சா?" என்றுதான் கேட்பார். ஞானஸ்நானமாகி நாலு வருஷம் ஆகியும் அவள் புதுசுதான்.

சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். எங்கள் சந்துக்குத் தெருத்தலைவர் மாமனார். சந்துக்கு ஒரு ஆள் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, கைவண்டிக்காரர் பெயரை எழுதினார். நான்தான் பக்கத்தில் நின்று சோளத்தை வறுத்துப் போட்ட காப்பியை ஆற்றிக் கொடுத்தேன். பெயரைப் படித்தேன். வாயைத் திறக்கவில்லை. "மூணு மாசந்தான். அரிசி குடுப்பாங்க. அவனுக்கு நல்லதுதான்" என்றார் மாமனார். ஒரு பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அந்த ஆள் லாரி ஏறிப் போனார். அவளுக்கு அப்போது ஏழு மாதம். பெண் குழந்தை பிறந்தது, அப்பன் வரவில்லை. மூணு மாதம் ஆறானது. கடிதமில்லை, சேதியில்லை.

ஒரு நாள் கிணற்றடியில் அவள் என்னைக் கேட்டாள். "ஒம்போது முதல் வெள்ளி விடாம நன்மை வாங்கினா கேட்டது கெடைக்குமாமே அக்கா?"

"அது நல்ல மரணம் கிடைக்கிறதுக்கு" என்று நான் ஞானோபதேசம் பேசினேன்.

"நல்ல சாவ வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய? எங்க வீட்டுக்காரரு வந்தாப் போதும்."

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சேசுவின் திரு இருதயத்துக்கு உரிய நாள். ஒன்பது மாதம் தொடர்ந்து அந்த நாளில் நன்மை வாங்க வேண்டும். நடுவில் ஒன்று தவறினாலும் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நன்மை வாங்குகிறவர்கள் அந்தக் காலத்தில் நள்ளிரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. பால் கொடுக்கிற பெண்ணுக்கு அது லேசில்லை. ஊபி என்று நாங்கள் சொல்லும் மரவள்ளிக்கிழங்கைத் தவிர வயிற்றுக்கு வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் அது தலையால் தண்ணீர் குடிக்கிற வேலை. அவள் ஆரம்பித்தாள்.

முதல் வெள்ளியானால் அவளும் நானும் மாமியாரும் இருட்டிலேயே புறப்படுவோம். கோயிலில் டோக்கியோ ஏழு மணிக்குப் பூசை. வானத்தைக் கேட்டால் ஐந்தரைதான் சொல்லும். துக்காங் எமாஸ் தெருவைத் தாண்டும்போது பள்ளிவாசலில் பாங்கு சொல்வார்கள். நாலு வீடு தள்ளிப் பிள்ளையார் கோயிலில் மணி அடிக்கும். அவர்கள் கிழக்கு வெளுப்பதைப் பார்த்துச் செய்தார்கள். எந்த ஆபீசையும் மணி கேட்கவில்லை. எங்களுக்குத்தான் மாமனாரின் இரண்டு கடிகாரம்.

ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் விரல் மடக்கிக்கொண்டு வந்தாள். நாலாவது மாதம் ஒன்றைக் கவனித்தேன். எல்லோர் தாடைக்கும் கீழே அசையாமல் நிற்கிற தட்டு அவளிடம் வரும்போது ஆடியது. மாமனாருக்கு அவளைப் பார்க்கக் கூசியது. பெயரை எழுதிக்கொடுத்து அவர் அனுப்பிவைத்தவனின் மனைவி மாதா மாதம் வந்து, கண்ணை மூடி, முகத்தை அண்ணாந்து அவர் முன்னால் முழங்காலில் நின்றால் கூசாமல் என்ன செய்யும்? கூசினால் மனுஷன் அழுதிருக்கலாம், மன்னிப்புக் கேட்டிருக்கலாம். இவர் அவளிடம் குற்றம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். முக்காடு சரியில்லை. நன்மை வாங்க முழங்காலிடுகிற கிராதிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. ஆமென் சொல்கிற விதம் சரியில்லை. "சரிங்க ஐயா" என்று எல்லாவற்றையும் அவள் திருத்திக்கொண்டாள். எட்டு வெள்ளி முடிந்தது.

ஒன்பதாவது வெள்ளிக்கு முந்தின ராத்திரி. ஆபீசில் ஒரு ஜப்பான் அதிகாரிக்கு மாற்றல்; அதற்கு விருந்து என்று மாமனார் போயிருந்தார். பின்கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். அவள் குளிர்காய்ச்சலில் உதறிக்கொண்டு நின்றாள். என்னிடம் மலேரியாக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரை இரண்டு இருந்தது. எடுத்து நீட்டினேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"உள்ள பன்னண்டு அடிச்சிருச்சே அக்கா. நாளைக்கு ஒம்போதாவது."

"அது டோக்கியோ பன்னண்டு. மாமாவோட கடிகாரத்துல இன்னும் பதினொண்ணுகூட ஆகல. முழுங்கு" என்று நான் அதட்டினேன். மாமனாரே கடைப்பிடிக்கிற நேரம் என்பதால் அவளும் நம்பி முழுங்கினாள்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மாமனார் வந்தார். பன்றி இறைச்சி வாசனையும் அரிசிச் சாராய வாசனையும் அவருக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்துவிட்டன. "விடிஞ்சா முதல் வெள்ளியாச்சே. நன்மை வாங்கணுமே" என்று மாமியார் பதறினார். மாமனார் சங்கிலியை இழுத்துக் கடிகாரத்தைக் காட்டினார். "பதினொண்ணேகால்தான். வெள்ளி இன்னும் பொறக்கல." பின்கதவைத் தாழ் போட்டுக்கொண்டே அதை நான் கேட்டேன். என் மனசு லேசானது. நான் அவளுக்குச் சொன்னது சரிதான் என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.

விடிந்ததும் கோயில் வாசலில் மாமியார் அவளைப் பார்த்து, "என்ன, மூஞ்சி வாடியிருக்கு?" என்று கேட்டார். மறைக்கத் தெரியாதவள். "காச்சலுங்க அத்தை. பன்னண்டு அடிச்ச பெறகு அக்காதான் மாத்திரையும் தண்ணியும் குடுத்தாங்க" என்று நன்றியோடு சொல்லிவைத்தாள். மாமியார் நேரே சாமியார் பூசை உடுப்பு மாட்டுகிற அறைப் பக்கம் போனார். அங்கே மாமனார் இருந்தார்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. கிராதியில் நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் முழங்காலிட்டோம். எங்கள் சாமியார் ஒரு வயதான வெள்ளைக்காரர்; இங்கிலீஷ்காரர் இல்லை என்பதால் ஜப்பான்காரன் விட்டுவைத்திருந்தான். இரண்டு கண்ணிலும் புரை. தட்டு எங்கே பளபளக்கிறதோ அங்கேதான் அவர் கை போகும். என் தாடைக்குக் கீழே தட்டு நின்றது. நான் வாங்கிக்கொண்டேன். அடுத்தது அவள். தட்டு அவளிடம் நிற்கவில்லை. அவளைத் தாண்டி அப்பால் இருந்த கிழவியிடம் போய் நின்றது. சாமியார் கையும் பின்னாலேயே போயிற்று.

அவள் கண்ணை மூடி, வாயைத் திறந்து, நாக்கை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். ரொம்ப நேரம். கண்ணைத் திறந்து பார்த்தபோது சாமியார் நாலு பேர் தள்ளிப் போயிருந்தார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாயில் நற்கருணை இருந்தது, அதனால் பேச முடியவில்லை என்று பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பொய். அது கரைய எவ்வளவு நேரமாகும்? மாமனாருக்குப் பயந்தேன், அவ்வளவுதான்.

பூசை முடிந்து வாசலில் அவளே அவரிடம் போய்க் கேட்டாள். "ஏங்க ஐயா எனக்குக் குடுக்கல?"

"பன்னண்டுக்கு மேல தண்ணி குடிச்சிருக்கே. வாங்கியிருந்தா சாவான பாவம். ஒன்ன அதுலேருந்து காப்பாத்தியிருக்கேன்."

"அது டோக்கியோ மணின்னு அக்கா சொன்னாங்களே?"

மாமனார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோயில்ல எந்த மணிக்குப் பூசை நடக்குது? அரசாங்க மணிக்கு. அதான் மணி. அடுத்த மாசம் ஒண்ணுலேருந்து ஆரம்பி."

அவர் வாயில் இன்னும் பன்றி இறைச்சி வாசனை இருந்தது. அந்த வாயால்தான் அன்று காலை அவரும் நன்மை வாங்கியிருந்தார். "சரிங்க ஐயா" என்று அவள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வேலைக்குப் போனாள். செங் என்ற ஊருக்குப் போகிற சாலையில் ஒரு மரவள்ளித் தோட்டத்தில் அவளுக்குக் களை பிடுங்குகிற வேலை.

வீட்டுக்கு வந்து மாமனார் பசியாறினார். "படிக்காத சனங்க. ஆண்டவர்கிட்ட பேரம் பேசுதுங்க" என்று மாமியாரிடம் சொல்லிக்கொண்டே கிழங்கை உப்பில் தொட்டார். நான் யாரிடமும் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி கோயிலுக்கு நடந்தேன். கலியாணமாகி வந்த பிறகு அந்த வீட்டைவிட்டு நான் தனியாகப் படி இறங்கியது அதுதான் முதல் தடவை.

சாமியார் தன் பங்களாவில் வேறு ஒன்றும் இல்லாத ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து வெந்த கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தார். "சர்வேசுரனுக்குத் தோத்திரம் சாமி" என்றேன். மாத்திரை, தண்ணீர், தட்டு, பன்றி இறைச்சி, சங்கிலிக் கடிகாரம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கிழங்கைக் கீழே வைத்தார்.

"இரண்டு நேரமும் செல்லும், மகளே. பழைய நேரப்படி நள்ளிரவு வரை அவள் குடிக்கலாம். திருச்சபைச் சட்டம் அதை அனுமதிக்கிறது" என்றார் தன் புத்தகத் தமிழில்.

"இது மாமாவுக்குத் தெரியாதா சாமி?"

"தெரியும். ஜப்பான்காரர் மணியை மாற்றிய அன்றே என்னிடம் வந்து கேட்டார். நான்தான் சொன்னேன்."

தெரியாமல் செய்திருந்தால் முட்டாள் என்று விட்டிருப்பேன். தெரிந்தே செய்திருக்கிறார். தனக்கு ஒரு நள்ளிரவு, அவளுக்கு ஒரு நள்ளிரவு. "அவ முன்னால நின்னது சாமிக்குத் தெரியலையா?" என்று சாமியாரையும் கேட்டுவிட்டேன். "தட்டு போகும் இடத்துக்கு என் கை போகிறது" என்றார் மெதுவாக. எனக்கு அவர்மேலும் அருவருப்பாக இருந்தது. கண் தெரியாதவர், அதற்காக மாமனாரையா கண்ணாக வைத்துக்கொள்வது? அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். எழுந்துவிட்டார். "ஓடு. இன்று முழுதும் முதல் வெள்ளிதான். அவள் இன்னும் ஒன்றும் உண்ணாமல் இருந்தால் அழைத்து வா. எந்த மணிக்கு வந்தாலும் கொடுக்கிறேன்."

ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காஜா பேராங் வழியாகவே, மாமனார் வீட்டு வாசலைத் தாண்டியே ஓடினேன். பாலத்தில் காவல்காரன் நின்றான். குனிந்தேன். ஓடி வந்தது அவனுக்குப் பிடிக்கவில்லையோ என்னவோ, நிமிர விடவில்லை. முதுகில் வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. அவள் சாப்பிடக் கூடாது, அவள் சாப்பிடக் கூடாது என்று தரையைப் பார்த்துச் செபம் செய்தேன். என் வாழ்க்கையில் நான் மனசறிந்து செய்த முதல் செபம் அதுதான் என்று நினைக்கிறேன். பட்டினி கிடப்பவள் இன்னும் பட்டினி கிடக்க வேண்டும் என்று!

தோட்டத்தில் அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை மார்பில் இருந்தது. கையில் ஆறிப்போன ஊபித் துண்டு, பாதி இல்லை.

"இப்பத்தான் அக்கா வாயில வச்சேன். உறிஞ்சி உறிஞ்சிப் பாக்குது, பால் வரல. ரொம்ப சூசா, ஒரே தொல்ல பண்ணிருச்சு, கத்திக் கத்தி ஒடம்பே நீலமாப் போச்சு" என்றாள், என்னிடம் மன்னிப்புக் கேட்பதுபோல.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சாமியார் சொன்னதைச் சொன்னேன். அவள் மென்றுகொண்டே கேட்டாள்.

"அப்ப ஐயாவுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியும்."

பிள்ளையின் தலையைத் தடவினாள். "அவருக்கு என் மூஞ்சியப் பாக்க முடியல அக்கா. பேர எழுதினாருல்ல. தட்டு ஆடும், நான் கண்ண மூடியிருந்தாலும் தெரியும்."

அவளுக்கும் தெரிந்திருந்தது. எனக்கு இப்போது அவள்மேல் கோபம் வந்தது. "ஒனக்கு ரோசமே கிடையாதா? அந்த ஆளு முன்னால போயி மறுபடி நாக்க நீட்டப் போறியா?"

"ரோசப்பட்டுக்கிட்டு வீட்டுல உக்காந்தா யாருக்கு நட்டம்? நன்மை அவரு வீட்டுதா அக்கா? தட்டுதான் அவரு பிடிக்கிறாரு" என்றாள். மீதி ஊபியையும் வாயில் போட்டுக்கொண்டாள். "அடுத்த மாசம் ஒண்ணு."



அன்றைக்குச் சாயங்காலம் மாமனாரிடம் சொன்னேன். "ரெண்டு நேரமும் செல்லும்னு சாமியார் சொன்னாரு. ஒங்ககிட்டயும் சொல்லியிருக்காராம்." மாமியார், "மாமாகிட்ட பேசுற பேச்சா இது?" என்று பாய்ந்தார். மாமனார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "சாமியாருக்கு வயசாயிருச்சு" என்றார். அதோடு சரி. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தட்டு அவளைத் தாண்டிப் போகவில்லை. ஏனென்றால் நான் ஒவ்வொரு முதல் வெள்ளியும் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டுக் கண்கொத்திப் பாம்பு மாதிரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஆண்டவரைப் பார்த்து நாக்கை நீட்டினாள். நான் ஒரு கிழவனை முறைத்துக்கொண்டு நாக்கை நீட்டினேன். என் விசுவாசத்தின் அளவு அவ்வளவுதான்.

இரண்டாவது தடவை அவள் ஒன்பதையும் முடித்தாள். ஜப்பான்காரன் தோற்றுப் போனான். அந்தச் சேதி வந்த அன்றே எங்கள் சந்தில் முதல் ஆளாக மாமனார் நாற்காலி போட்டு ஏறிச் சுவர்க் கடிகாரத்தைப் பின்னால் தள்ளினார். பிறகு வாசலில் நின்று வருவோர் போவோருக்கெல்லாம் சங்கிலிக் கடிகாரத்தைக் காட்டினார். "இத்தன வருசமும் ஒரு நிமிசம்கூட மாத்தல. உயிர் போனாலும் டோக்கியோ நேரத்த நான் ஒத்துக்கல" என்றார். கேட்டவர்கள் நெகிழ்ந்து போனார்கள். வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் பழைய வேலை கிடைத்தது. சபையில் அவருக்கு மாலை போட்டார்கள். அந்த மாலையைக் கட்டியது நான்தான். பூ எனக்கு நன்றாகக் கட்ட வரும்.

சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். போனதில் வந்தது கொஞ்சம். அதே லாரியில் போன பக்கத்துச் சந்து ஆள் ஒருவர், காலெல்லாம் புண்ணாக, கம்பு ஊன்றிக்கொண்டு பின்கொட்டகைக்கு வந்து அவளிடம் சொன்னார். அவள் புருஷன் போன இரண்டாம் மாதமே வாந்தி பேதியில் போய்விட்டார். பிள்ளை பிறப்பதற்கு முன்பே. அவள் முதல் வெள்ளிகளை எண்ணத் தொடங்குவதற்கு ரொம்ப முன்பே.

அவள் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமனார் வேலியோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டினார். அவர் முகத்தில் துக்கத்தைத் தேடினேன். பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி இருந்தார்.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "அன்னைக்கு ஒம்போதாவது வெள்ளி நான் குடுக்க விட்டிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது."

எத்தனையோ தடவை அடக்கிய வாய் அது. அன்றைக்கு அடங்கவில்லை. "நீங்க பேர எழுதாம இருந்திருந்தா ஆகியிருக்கும், மாமா" என்றேன்.

அவர் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே காலையில் கொடுத்திருந்தார்.

அடுத்த மாதம் முதல் வெள்ளி. நான் கோயிலுக்குப் புறப்பட்டுப் பின்கதவைத் திறந்தால், அவள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, நடக்கப் பழகிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"எங்கே புறப்பட்டே?"

"முதல் வெள்ளி அக்கா."

"ஒன்பதுதான் முடிஞ்சிருச்சே. அவரும்..." என்று இழுத்தேன். 

"அதான் அக்கா. இனிமே எண்ண வேணாம். சும்மா வரலாம்" என்றாள்.

 பூசையில் நன்மை நேரம் வந்தபோது அவள் எழுந்தாள், நான் எழவில்லை. மனசில் ஒருவர்மேல் வன்மத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது என்று ஞானோபதேசத்தில் இருக்கிறது. அந்தப் பதிலை என்னிடம் பரீட்சை வைத்துக் கேட்டவரே மாமனார்தான். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பின்வரிசையிலிருந்து பார்த்தேன்.

சாமியார் ஒவ்வொருவராக வந்தார். மாமனார் கூட வந்தார். அவளிடம் வந்ததும் தட்டு ஆடியது. முன்பெல்லாம் ஆடியதைவிட மோசமாக. சாமியாரின் கை எங்கே போவது என்று தெரியாமல் நடுவில் நின்றது. அவள் கண்ணைத் திறந்து மாமனாரைப் பார்த்தாள். பிறகு தன் கையை நீட்டி, அவர் பிடித்திருந்த தட்டின் மறு ஓரத்தைப் பிடித்து, அதை ஆடாமல் நிறுத்திக்கொண்டு நாக்கை நீட்டினாள்.